மாசில்லாத கட்டுப்பாட்டு முகாம்

கல்யாணத்துக்கு முன்பே குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவன் என்று மரக்காணம் வட்டாரத்தில் நம்பப்பட்ட ஒரே பட்டதாரி நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஆபரேஷன் செய்துகொள்ளவும் இல்லை. செய்துகொள்ளாத ஒன்றைச் செய்துகொள்ளவில்லை என்று நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அதில் மாட்டியவனுக்குத்தான் தெரியும். செய்திருந்தால் ஒரு தழும்பையாவது காட்டலாம். செய்யாததற்கு எதைக் காட்டுவது?

சுனாமி வந்துபோன மறுவருடம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீன் வண்டிகளைவிடத் தொண்டு நிறுவன ஜீப்புகள் அதிகமாக ஓடிய காலம். படகு, வலை, தையல் மெஷின் எல்லாம் கொடுத்து முடித்த பிறகு சில நிறுவனங்களுக்குச் சுற்றுச்சூழல் ஞாபகம் வந்தது. அப்படி ஞாபகம் வந்த ஒரு சிறிய நிறுவனத்தில் நான் பயிற்றுநராகச் சேர்ந்தேன். மாட்டுப் பண்ணைகளில் வேலை செய்பவர்களுக்கு, மண்ணும் தண்ணீரும் கெடாமல் எப்படி வேலை செய்வது என்று சொல்லித்தர வேண்டும். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. விலங்கியல் படித்திருந்தேன். அதாவது, தவளையை அறுக்கத் தெரியும். மாட்டை எந்தப் பக்கத்திலிருந்து நெருங்குவது என்று தெரியாது. (கிளியனூரில் எங்கள் வீட்டிலேயே இரண்டு மாடுகள் இருந்தன. ஆனால் அது அம்மாவின் இலாகா.)

வேலை தற்காலிகம். அதுதான் சிக்கல். திண்டிவனத்தில் கவிதா என்ற பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் பிடித்திருக்கிறது என்று நம்பச் சில தடயங்கள் இருந்தன. இரண்டு முறை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு முறை சிரிப்பை அடக்கினாள். (எதற்காகச் சிரிப்பு வந்தது என்று நான் ஆராயவில்லை.) ஆனால் அவள் அப்பா தெய்வசிகாமணி கணக்கு வாத்தியார். விடை சரியாக இருந்தாலும் வழிமுறை எங்கே என்று கேட்கும் ரகம். அவர் என் சான்றிதழ்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வேலை பர்மனன்ட் ஆவட்டும் தம்பி. தை மாசம் பேசலாம்" என்றார்.

அப்போது ஆவணி. பர்மனன்ட் ஆவதற்கு அலுவலகம் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தது. ஒரு பண்ணையில் நானாகவே ஒரு பயிற்சி முகாம் நடத்த வேண்டும். சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து மேடம் வந்து பார்ப்பார். அவர் தலையாட்டினால் ஆணை. ஆக என் கல்யாணம், ஒரு நாள் சாணத்தைப் பற்றி நான் எவ்வளவு நன்றாகப் பேசுகிறேன் என்பதில் தொங்கிக்கொண்டிருந்தது.

பண்ணை, கூனிமேட்டுக்கும் மரக்காணத்துக்கும் நடுவில் இருந்தது. உரிமையாளர் ரஹ்மத் பாய் குவைத்தில் பல வருடம் இருந்துவிட்டு வந்து நாற்பது மாடுகள் வாங்கிப் போட்டிருந்தார். தொழுவம் கழுவும் தண்ணீர் ஒரு குழாய் வழியாக நேராக ஓடையில் போய் விழுந்தது. அந்த ஓடைத் தண்ணீர்தான் பக்கத்து உப்பளங்களுக்கும் போனது. பாத்தியில் உப்பு பழுப்பாக விளைகிறது என்று உப்பளக்காரர்கள் ஏற்கெனவே இரண்டு முறை வந்து சத்தம் போட்டிருந்தார்கள். செய்ய வேண்டியது ஒன்றும் ராக்கெட் விடும் வேலை இல்லை. கழுவுவதற்கு முன்னால் சாணத்தை வாளியில் தனியாக வாரிவிட வேண்டும். குழாயை ஓடைக்கு முன்னாலேயே வெட்டி, அந்தப் பக்கத்து வாயை அடைத்துவிட்டு, தண்ணீரை ஒரு குழிக்குத் திருப்ப வேண்டும். குழியில் தெளிந்த தண்ணீரைத் தீவனப் புல்லுக்கு விடலாம். ஒரு பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆனால் பத்து நிமிடத்தில் சொன்னால் அதற்குப் பெயர் முகாம் இல்லையே.

முகாமுக்குத் தலைப்பு வைக்கும் பொறுப்பும் என்னுடையது. அலுவலகத்தில் இருந்த ஆங்கிலத் தலைப்பு ஒரு மூச்சில் படிக்க முடியாத நீளம். நான் தமிழில் ஆர்வம் உள்ளவன். கல்லூரிக் கவியரங்கத்தில் ஆறுதல் பரிசு வாங்கியவன். இரண்டு நாள் யோசித்து, 'மாசுக் கட்டுப்பாட்டு முகாம்' என்று வைத்தேன். சுருக்கம், தெளிவு, ஓசை நயம் மூன்றும் இருந்ததாக நினைத்துக்கொண்டேன்.

பாயிடம் போய்ச் சொன்னேன். ஆண்கள் முதல் நாள், பெண்கள் மறுநாள். மாடுகளைப் பார்க்க ஆள் வேண்டுமே. "சரி தம்பி, காலைல பால் கறந்து முடிச்சதும் ஆளுங்கள நிறுத்தி வெக்கிறேன். நான் அன்னிக்கு பாண்டிச்சேரி போறேன். நீங்க சீக்கிரம் முடிச்சு உட்ருங்க, சாயங்காலம் பால் கறக்கணும்" என்றார். பிறகு, நான் அந்தப் பக்கம் போனதும், பாய் மேஸ்திரி ஏழுமலையைக் கூப்பிட்டுத் தகவல் சொல்லியிருக்கிறார். பாய் அவசரக்காரர். என் தலைப்பில் முதல் சொல் அவருக்கு உபரியாகத் தெரிந்திருக்கிறது.

"ஏம்பா ஏழுமல, புதன்கிழமை இங்க கட்டுப்பாட்டு முகாம். ஆம்பளைங்க மட்டும். ஒருத்தனும் லீவு போடக் கூடாது."

கட்டுப்பாடு என்று மொட்டையாகச் சொன்னால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதோடு முகாமும் சேர்ந்தால் அகராதி தேவையில்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு நான் ஜீப்பில் போய் இறங்கினேன். அந்த ஜீப், அலுவலகம் ஏதோ ஏலத்தில் எடுத்தது. அதன் கதவில் பழைய சிவப்பு முக்கோணம் ஒன்று தலைகீழாக இருந்தது. மேலே வெள்ளை அடித்திருந்தார்கள். ஆனால் சிவப்பு லேசுப்பட்ட நிறம் இல்லை. வெயிலில் நன்றாகவே தெரிந்தது. குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னம் அது என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் அந்த ஜீப்பில் நான்கு மாதமாகப் போய் வந்துகொண்டிருந்தேன். உள்ளேயே உட்கார்ந்திருப்பவனுக்குக் கதவின் வெளிப்பக்கம் எப்படித் தெரியும்?

ஜீப்பிலிருந்து முதலில் இறக்கியது வாளிகளை. சாணம் வார, ஆளுக்கு ஒன்று, பச்சை பிளாஸ்டிக் வாளி. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் ஆபரேஷனுக்குப் போனால் வீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி வரும். அப்படி வந்த வாளியை அக்கம்பக்கத்தில் பார்வையாலேயே கண்டுபிடிப்பார்கள். நான் பதினெட்டு வாளிகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, அழகு பார்த்தேன்.

பதினெட்டு ஆண்களும் தொழுவத்தின் கடைசியில், வெளியே போகும் வழிக்குப் பக்கத்தில், சுவரோடு சுவராக நின்றார்கள். உட்காரச் சொன்னேன். ஒருவரும் உட்காரவில்லை. என் கண்ணைப் பார்க்கவில்லை. வாளியையும் ஜீப்பையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவர்கள் எதையோ மறைக்கிறார்கள். அந்தக் குழாயில் சாணத் தண்ணீர் மட்டுமல்ல, வேறு என்னவோ விடுகிறார்கள். அதுதான் குற்ற உணர்ச்சி. பயிற்சிக் கையேட்டில், 'பங்கேற்பாளர் தயக்கம் காட்டினால் காரணத்தை உற்றறியவும்' என்று இருந்தது. நான் உற்று உற்று அறிந்தேன். அவர்கள் இன்னும் சுவரோடு ஒட்டினார்கள்.

"வணக்கம்ங்க. எதுக்கு வந்திருக்கேன்னு எல்லாருக்கும் தெரியும் இல்ல?"

"பாய் சொன்னாரு" என்றார் ஏழுமலை. ஐம்பதை நெருங்கும் ஆள். குரலில் சாவு வீட்டுக்கு வந்த சாயல். "சார், இது கண்டிப்பா பண்ணிக்கினே ஆவணுமா?"

"கட்டாயம் ஒண்ணும் இல்லீங்க. நீங்களா மனசார பண்ணிக்கிட்டா நல்லது. இல்லன்னா நாளைக்கு கவர்மென்ட்டே வந்து பண்ணிடும்."

ஒரு முனகல் எழுந்தது. பின்னாலிருந்து ஒரு மெலிந்த குரல்: "கல்யாணம் ஆவாதவங்களுக்குமா சார்?"

விசித்திரமான கேள்விதான். ஆனால் எந்தக் கேள்வியையும் அலட்சியப்படுத்தக் கூடாது என்று கையேடு சொன்னது. "கல்யாணத்துக்கும் இதுக்கும் இன்னாங்க சம்பந்தம்? இந்தப் பண்ணையில வேலை செய்யற எல்லா ஆம்பளைங்களுக்கும்தான்."

வரைபடத்தை விரித்தேன். நானே ஸ்கெட்ச் பேனாவால் வரைந்தது. வளைந்து நெளிந்து போகும் குழாய். ஓரத்தில் ஒரு பை போன்ற குழி. இன்று யோசித்தால் உடல் கூசுகிறது.

"இதுதான் குழாய். இப்ப எல்லாம் இது வழியாத்தான் வெளிய போவுது. அதனாலதான் இவ்ளோ பிரச்சனை. நாம இன்னா பண்ணப் போறோம்னா, சரியா இந்த இடத்துல வெட்டிட்டு, வாய அடைச்சு, மேல ஒரு கட்டு போட்டுருவோம். அவ்ளோதான். அப்புறம் ஒரு சொட்டு வெளிய போவாது."

நான்கைந்து பேர் வேட்டியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள்.

"அப்புறம் பாரம் தூக்கலாமா சார்?" என்று ஒருவர் கேட்டார்.

"தாராளமா. நாளைக்குக் காலைலயே வழக்கம்போல வேலை செய்யலாம். இதுல எந்தக் கஷ்டமும் கெடியாது. அரை மணி நேர வேலை."

ஏழுமலை ஒரு அடி முன்னால் வந்தார். அவர் கண்ணில் இருந்தது சவாலா கெஞ்சலா என்று எனக்குத் தெரியவில்லை. "எல்லாரும் வந்து எங்களத்தான் பண்ணிக்க சொல்றாங்க. நீங்க பண்ணிக்கினீங்களா சார்?"

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். ஊருக்கு உபதேசம் செய்பவன் தன் வீட்டில் முதலில் செய்ய வேண்டும் என்ற கொள்கைப்படி, கிளியனூரில் எங்கள் மாட்டுக் கொட்டகைக் குழாயை வெட்டி, அடைத்து, குழி தோண்டியிருந்தேன். நெஞ்சை நிமிர்த்தினேன்.

"பின்ன? எனக்குப் பண்ணிட்டுத்தான் உங்ககிட்டயே வந்தேன். ஆறு மாசம் ஆச்சு. அப்பா கூடவே கூடாதுன்னாரு. அம்மா ஒரே அழுகை." (அம்மா அழுதது உண்மை. அந்தத் தண்ணீரில்தான் அவருடைய வெண்டைச் செடி நின்றது.) "நான் கேக்கலியே. நானே பண்ணிக்கிட்டேன். இப்ப வீட்ல எவ்ளோ நிம்மதி தெரியுமா?"

"நீங்களேவா?" என்றார் ஏழுமலை.

"நானேதான். ஒரு ரம்பம் இருந்தா போதும்."

பதினெட்டு வாயும் பிளந்ததை என் சொற்பொழிவின் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். சூடு ஆறுவதற்குள் செயல்முறை விளக்கத்துக்குப் போய்விட நினைத்தேன். சாணக் குழாயில் கை வைக்க வேண்டுமே என்று, முழங்கை வரை வரும் ரப்பர் கையுறையை எடுத்து மாட்டினேன். பையிலிருந்து ரம்பத்தை எடுத்தேன்.

"வாங்க. மொதல்ல யாரு?"

"சார், ஒண்ணுக்குப் போய்ட்டு வந்துர்றேன்" என்று ஒருவர் நழுவினார். அவருக்குத் துணைக்கு மூன்று பேர் போனார்கள். அந்த நான்கு பேரைத் தேட ஆறு பேர் போனார்கள். மிச்சம் இருந்த எட்டுப் பேர் காரணம் சொல்லும் நாகரிகத்தைக்கூடக் கைவிட்டார்கள். நான் கையில் ரம்பத்தோடு வாசலுக்கு ஓடிவந்து பார்த்தபோது, உப்பள வரப்புகளின் மேல் பதினெட்டு வேட்டிகள் வெவ்வேறு திசையில் போய்க்கொண்டிருந்தன. ஐம்பது வயது ஏழுமலை முதலில் இருந்தார். "நில்லுங்க, ஒண்ணும் ஆவாது" என்று ரம்பத்தை ஆட்டிக் கத்தினேன். வேகம் கூடியது.

நாற்பது மாடுகளும் நானும் இருந்தோம். மணி பதினொன்று. மூன்று மணிக்கு மேடம் வருகிறார். தை மாதம் கண்ணெதிரே ஓடையில் மிதந்துபோனது.

தீவனக் கொட்டகையிலிருந்து ஏழுமலையின் மனைவி அஞ்சலை வெளியே வந்தார். பின்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள். "ஆம்பளைங்க எங்க சார்?"

"ஓடிட்டாங்கம்மா."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "தெரியும். நாங்கல்லாம் எப்பவோ பண்ணிக்கினோம் சார். இதுங்களுக்குத்தான் கேட்டாலே காய்ச்சல் வரும்" என்றார் அஞ்சலை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நமக்கு முன்னாலேயே வேறொரு தொண்டு நிறுவனம் உள்ளே புகுந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டது. எவன் அவன்? "யாரு வந்து பண்ணாங்க?" என்றேன் பொறாமையோடு.

"நாங்கதான் போனோம். திண்டிவனத்துக்கு."

திண்டிவனத்தில் பயிற்சி மையமே வைத்திருக்கிறார்கள். சனியன்கள்.

"நீங்க கவலப்படாதீங்க சார். உப்பளத்தைத் தாண்டி எங்க போவப் போறானுங்க. இட்டாந்து உடறோம். நீங்க வெந்நி கிந்நி போட்டு ரெடியா இருங்க" என்று சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெண்கள் கிளம்பினார்கள். வெந்நீர் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. டீக்காக இருக்கும் என்று எண்ணி அடுப்பு மூட்டினேன்.

மூன்று மணிக்கு மேடத்தின் கார் வந்து நின்றது. அதே நேரத்தில் உப்பளப் பக்கத்திலிருந்து ஊர்வலமும் வந்தது. ஒவ்வொரு பெண்ணும் ஒரு ஆணின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வந்தார். கல்யாணமாகாதவர்களைக் கைக்கு ஒருவராக இருவர் இருவராகப் பிடித்து வந்தார்கள். ஏழுமலை உப்புக் குவியலை மூடியிருந்த ஓலைக்கு அடியில் புகுந்திருந்தாராம். தலை, மீசை, புருவம் எல்லாம் உப்பு. ஊறுகாய்க்குத் தயாராக இருந்தார்.

"என்ன இது?" என்றார் மேடம்.

"மகளிர் பங்கேற்பு மேடம்" என்றேன்.

அஞ்சலை ஏழுமலையை என் முன்னால் தள்ளினார். "இந்தாங்க சார். மொதல்ல இதுக்குப் பண்ணுங்க. டாக்டரு எங்க?"

"எந்த டாக்டர்?"

"இன்னா சார் விளையாட்றீங்க? ஆபரேசன் பண்ற டாக்டரு. நாலு புள்ள பெத்தப்புறம் எனக்குத்தான் பண்ணாங்க. ஏழாம் நாளு தையல் பிரிச்சாங்க, எட்டாம் நாளு வந்து இங்க சாணி வாரினேன். அப்ப இந்த ஆளு வந்து எட்டிப் பாக்கல. ஆம்பளைங்களுக்கு முகாம்னு பாய் சொன்னதும் எவ்ளோ சந்தோசப்பட்டோம் தெரியுமா?"

என் இடது கையில் ரப்பர் கையுறை. வலது கையில் ரம்பம். பின்னால் அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து நான் பேசிய ஒவ்வொரு வாக்கியமும் ஒன்றன்பின் ஒன்றாக, நிதானமாக, புது அர்த்தத்தோடு என் காதுக்குத் திரும்பி வந்தது. நின்ற இடத்திலேயே பிளந்து விழுங்கும்படி பூமியை வேண்டிக்கொண்டேன். அது உப்பு மண். அவ்வளவு எளிதில் பிளக்காது.

மேடம் ஜீப்பின் கதவைப் பார்த்தார். வாளி வரிசையைப் பார்த்தார். வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு வாசலில் நான் கட்டியிருந்த முகாம் தட்டியைப் பார்த்து, "இந்தத் தலைப்பு யார் வெச்சது?" என்றார்.

"நான்தான் மேடம்."

"மாசுன்னு போட்டிருக்கே. இதப் படிக்கலியா?" என்று ஏழுமலையிடம் கேட்டார்.

"படிச்சோம்மா. டாக்டரு பேருன்னு நெனச்சோம்."

மேடம் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி வரைபடத்தைப் பார்த்தார், மறுபடி குலுங்கினார். அதன் பிறகு வெட்டப்போவது குழாயைத்தான், வேறு எதையும் இல்லை என்று அவரே எழுந்து பதினெட்டுப் பேருக்கும் விளக்கிச் சொன்னார்.

உயிர் பிழைத்தவன் செய்யும் வேலையை அன்றுதான் பார்த்தேன். என் கையிலிருந்த ரம்பத்தைப் பிடுங்கிக் குழாயை வெட்டினார்கள். ஆளுயரக் குழியை ஒன்றரை மணி நேரத்தில் தோண்டினார்கள். சாயங்காலப் பால் கறப்பதற்குள் ஓடைப் பக்கம் அடைபட்டு, தண்ணீர் குழியில் விழுந்தது. "பங்கேற்பாளர்கள் இவ்வளவு ஆர்வம் காட்டிய முகாமை நான் கண்டதில்லை" என்று மேடம் அறிக்கையில் எழுதினார். அது முழு உண்மை.

பெண்கள் மட்டும் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். "அப்ப அது இல்லியா சார்?" என்று அஞ்சலை ஒருமுறை கேட்டார். இல்லை என்றேன். "சரி, சாணி வார வாளிதானே. அதையும் நாங்கதான் தூக்கணும்" என்று ஒன்றை எடுத்துக்கொண்டு மாட்டிடம் போனார்.  

பத்து நாளில் பர்மனன்ட் ஆணை வந்தது. அதோடு தொல்லை முடிந்தது என்றுதான் நினைத்தேன். கணக்கு வாத்தியார் வேலையை நம்பிவிட்டார். ஆளை நம்ப வேண்டாமா? மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்து வரத் தன் மைத்துனர் கோதண்டத்தை அனுப்பினார். கவிதாவின் தாய்மாமன். அவர் ஒரு மாடு வாங்குபவரைப்போல் வேஷம் போட்டுக்கொண்டு, பண்ணைக்கு எதிர் டீக்கடையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்திருக்கிறார். அகப்பட்டவர் ஏழுமலை.

"அந்த சாரா? தங்கமான ஆளு. குடி, சீட்டு ஒண்ணும் கெடியாது."

"கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறாங்களாமே?"

ஏழுமலை டீ கிளாஸைக் கீழே வைத்தாராம். "அவருக்கா? பாவம்ங்க. அவருதான் ஆபரேசன் பண்ணிக்கினாரே."

"அது ஏதோ பண்ணை விஷயம், தப்பா புரிஞ்சிக்கினாங்கன்னு கேள்விப்பட்டேனே?"

"முகாம் பண்ணை விசயம்தான். அது வேற. அவரு பண்ணிக்கினது வேற. அவரு வாயாலயே சொன்னாரு. அப்பா வேணாம்னாராம், அம்மா அழுதாங்களாம். கேக்காம தனக்குத்தானே பண்ணிக்கினாராம். குழாய்க்காக எந்த அம்மாங்க அழுவாங்க?"

அதற்கு மேல் கோதண்டம் டீ குடிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முன்னறிவிப்பு இல்லாமல் வாத்தியாரும் கோதண்டமும் கிளியனூர் வந்துவிட்டார்கள். தேதி குறிக்க வந்திருக்கிறார்கள் என்று அம்மா கேசரி கிண்டப் போனார். வாத்தியார் தண்ணீரைக்கூடத் தொடவில்லை. தொண்டையைச் செருமினார். விட்டத்தைப் பார்த்தார்.

"தம்பி, ஒரு விஷயம் காதுக்கு வந்தது. மறைக்கக் கூடாது. நீங்க... ஏற்கெனவே... பண்ணிக்கிட்டீங்களாமே?"

குழி விஷயம் திண்டிவனம் வரை எட்டிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "ஆமா மாமா. ஆறேழு மாசம் ஆச்சு."

கோதண்டம் சுவரில் சாய்ந்தார். வாத்தியார் என் அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாம என்னங்க? வேணாம்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன். படிச்ச திமிரு" என்றார் அப்பா. அடுப்படியிலிருந்து அம்மா, "அதப் பத்திப் பேசாதீங்க, எனக்கு வயிறு எரியுது" என்றார்.

வாத்தியாரின் முகம் வெளுத்தது. "எதுக்குத் தம்பி இப்படி?"

"நாலு பேருக்கு முன்னுதாரணமா இருக்கணும் இல்ல மாமா? நீங்க வேணும்னா நேர்லயே பாருங்க. பின்பக்கம் வாங்க, காட்றேன்" என்று எழுந்தேன்.

"அய்யய்யோ, வேணாம் தம்பி" என்று வாத்தியார் இரண்டு கையாலும் தடுத்தார். நான் விடவில்லை. கூச்சப்படுகிறார் என்று நினைத்து, வருங்கால மாமனாரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். கோதண்டம் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் வந்தார்.

வெட்டிய குழாய். சாக்கு வைத்து அடைத்துக் கட்டிய வாய். குழி. காய்ந்துபோன வெண்டைச் செடிகள். வாத்தியார் ஒவ்வொன்றாகப் பார்த்தார். வழிமுறை புரியப் புரிய அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. அதன் பிறகுதான், கோதண்டம் டீக்கடையில் கேட்டதை எனக்குச் சொன்னார்கள். நான் குழிக்குள் குதிக்கலாமா என்று பார்த்தேன். நிரம்பியிருந்தது.

எல்லாம் தெளிந்தது என்று நினைத்திருப்பீர்கள். வாத்தியார் குழியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். நின்றார். "இங்க குழி இருக்குது. ஒத்துக்கறேன். ஆனா குழி இருக்குதுங்கறதாலயே அது இல்லைன்னு நிரூபணம் ஆயிடுமா தம்பி? ரெண்டும் தனித்தனி. எதுக்கும் ஒரு டாக்டர் சர்டிபிகேட்..."

ஒரு வாரம் நான் வெளியே தலைகாட்டவில்லை. எந்த டாக்டரிடம் போய் என்னவென்று கேட்பது? எந்தத் தலைப்பில் சான்றிதழ் தருவார்கள்? அதைத் தட்டச்சு செய்பவர் யார், அவர் எந்த டீக்கடைக்குப் போவார்? கடைசியில் காப்பாற்றியது கவிதா. அப்பாவும் மாமாவும் ஊர் திரும்பி விவாதித்துக்கொண்டிருந்தபோது, அதுவரை வாயே திறக்காதவள் சொன்னாளாம்:

"மறைக்கறவரா இருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பாரு. நீங்க கேட்டதும் ஆமான்னு சொல்லி, வாங்க காட்றேன்னு இழுத்துட்டுப் போயிருக்காரு. பொய் சொல்ற அளவுக்கெல்லாம் அவருக்கு விவரம் பத்தாதுப்பா."

வாத்தியார் இந்த நிரூபணத்தை ஏற்றுக்கொண்டார். என் வாழ்க்கையில் என் அறியாமைக்குக் கிடைத்த ஒரே அங்கீகாரம் அது. தையில் கல்யாணம் நடந்தது. பந்தியில் மரக்காணம் பக்கத்து ஆட்கள் என்னைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையாட்டிவிட்டுப் பாயசம் குடித்தார்கள்.

அந்த வருடக் கடைசியில் மகள் பிறந்தாள். ஏழுமலையும் அஞ்சலையும் சீம்பாலோடு பார்க்க வந்தார்கள். அஞ்சலை குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். ஏழுமலை குனிந்து, குழந்தையின் மூக்கையும் என் மூக்கையும் மூன்று நான்கு முறை மாறி மாறிப் பார்த்தார். காதையும் சரிபார்த்தார். பிறகு என்னைத் தனியாகத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"புள்ள உங்கள மாதிரியேதான் இருக்குது சார், சந்தேகமே இல்ல" என்று என் தோளைத் தட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதுக்குத்தான் சொல்றது, தனக்குத்தானே பண்ணிக்கக் கூடாது."

கவிதா உள்ளே இருந்து கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குழாய் மாட்டுவது, ஃபியூஸ் போடுவது, மிக்ஸியைப் பிரிப்பது என்று நானாக எந்த வேலையில் கை வைத்தாலும், அவளும் மகளும் அந்த வாக்கியத்தை ஏழுமலையின் குரலிலேயே சொல்கிறார்கள். போன மாதம் மகள் கல்லூரி விடுதியில் சேர்ந்தாள். அறைத்தோழியிடம் என்னை அறிமுகப்படுத்தினாள்: "இவருதான் எங்கப்பா. வேலைல கொஞ்சம் அரைகுறை. அதனாலதான் நான் இருக்கேன்."